பிள்ளை பெற்ற வீட்டுக்கு: ஒரு தாதியின் கேள்வி பதில்

சிங்கப்பூரில் பிரசவ வார்டில் பல வருடம் தாதியாக இருந்தவள் நான். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் நேராகத் தொட்டிலைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். கட்டிலில் கிடப்பவளிடம் "வலி எப்படி இருக்கு?" என்று கேட்பவர் அபூர்வம். அதனால் இந்த முறை வந்த கேள்விகளில் தாயைப் பற்றியவற்றுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறேன்.

செங்காங்கிலிருந்து: சிசேரியன் ஆகிப் பத்து நாள். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். வயிற்றைப் புடவைத் துணியால் இறுக்கிக் கட்டவும், வெந்நீர் ஓங்கி ஊற்றவும் சொல்கிறார். மலாய் மசாஜ் அம்மாவுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். எல்லாம் செய்யலாமா?

உங்கள் அம்மா சொல்வது சுகப்பிரசவக் காலத்துப் பழக்கம். உங்களுக்கு வயிற்றில் பல அடுக்குத் தையல் இருக்கிறது. இளஞ்சூட்டில் குளியுங்கள். வெந்நீரை ஓங்கி ஊற்றுவது வேண்டாம்.

கட்டு போடலாம், ஆனால் தாங்கிப் பிடிக்கிற அளவுக்குத்தான். கட்டிய பிறகு ஆழமாக மூச்சு விட முடிய வேண்டும். நெரித்துக் கட்டினால் அழுத்தம் முழுவதும் கீழே இடுப்புத் தசைகளில் இறங்கும். அவை ஏற்கெனவே ஒன்பது மாதம் பாரம் தாங்கித் தளர்ந்தவை. வயிறு உள்ளே போவது கட்டினால் அல்ல, கர்ப்பப்பை சுருங்குவதால். அதற்கு ஆறு வாரம் போல ஆகும். மலாய்ப் பெண்கள் கட்டும் பெங்குங்குக்கும் இதே கணக்குத்தான்.

மசாஜ் அம்மாவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மறுபரிசோதனையில் மருத்துவர் காயத்தைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு வரச் சொல்லலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அதை யாரும் தேய்க்கவே கூடாது. அது இரத்தக் கட்டியாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் பலர் தப்பாகச் செய்கிறார்கள். படுக்கையிலிருந்து நேராக எழாதீர்கள். முதலில் முழங்காலை மடக்கி ஒரு பக்கமாகப் புரளுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்க விடுங்கள். பிறகு முழங்கையையும் உள்ளங்கையையும் ஊன்றி, மூச்சை விட்டபடியே உடம்பை மேலே தள்ளுங்கள். இருமல், தும்மல் வந்தால் ஒரு தலையணையைத் தையல் மேல் அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் தடவையே வித்தியாசம் தெரியும். ஆறு வாரம் வரை குழந்தையை விடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். தண்ணீர் வாளி, மூத்த பிள்ளை எல்லாம் இதில் அடக்கம்.

இந்த ஊர் வேர்வையில் தையல் மடிப்புக்குள் ஈரம் தங்கும். குளித்ததும் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், பவுடர் போடாதீர்கள். காயம் சிவந்து சூடாவது, சீழ் வாடை, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைவது, கண் மங்கலோடு கடுமையான தலைவலி, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரத்தக் கொதிப்பு பிரசவத்துக்கு முன்புதான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை வரலாம்.

ஈசூனிலிருந்து: மாமியார் பத்தியம் கடுமையாகப் பார்க்கிறார். தண்ணீர் குடித்தால் வயிறு தொப்பை போடும் என்று ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான் தருகிறார்.

பத்தியத்தில் நல்லது நிறைய இருக்கிறது. தேக்கா சந்தையில் பால்சுறா வாங்கிப் புட்டு செய்து, பூண்டைப் போட்டுக் குழம்பு வைத்து, முருங்கைக்கீரையும் கொடுத்தால் புரதமும் இரும்புச்சத்தும் சேர்ந்து கிடைக்கும். உங்களுக்காக அடுப்படியில் நிற்கிற அந்தக் கைக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பால் கொடுக்கும் உடம்புக்கு நீர் அதிகம் தேவை. குறைந்தால் மலச்சிக்கல் வரும், சிறுநீர் எரியும். முக்கினால் தையலும் மூலமும் சேர்ந்து படுத்தும். பச்சைத் தண்ணீர் ஆகாது என்று சொன்னால் சண்டை போட வேண்டாம். சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த வெதுவெதுப்பான நீரைப் பெரிய ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கட்டிலருகே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலான மாமியார்கள் சீரகத் தண்ணீருக்கு மறுப்பு சொல்லவில்லை.

பழம், காய்கறியை விலக்காதீர்கள். மருத்துவமனையில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

பிடோக்கிலிருந்து: குழந்தைக்குச் சேனை வைக்கலாமா? தேன்தான் தொட்டு வைப்போம்.

வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும். நாக்கில் வசம்பு தடவுவதும் வேண்டாம். பெரியவர் ஆசைக்கு, தாய்ப்பாலையே ஒரு துளி அவர் கையால் தொட்டு வைக்கச் சொல்லுங்கள்.

தெம்பனிஸிலிருந்து: சுகாதாரப் புத்தகத்தில் குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு என்று எழுதியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம், கவனம் போதும். இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருப்பதுதான் இது. இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே இதைச் சோதித்துவிடுகிறார்கள். வீட்டில் இருக்கும் பாச்சை உருண்டை அத்தனையையும் இன்றே தூக்கிப் போடுங்கள். அதன் வாடை பட்டாலே இந்தக் குழந்தைகளின் இரத்த அணுக்கள் உடையலாம். ஊரிலிருந்து வரும் பாட்டியின் பெட்டியில் பட்டுப்புடவைக்கு நடுவே ஒன்றிரண்டு இருக்கும், அதையும் பாருங்கள். கேட்காமல் நாட்டு மருந்து கொடுக்கக் கூடாது. எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தக் குறைபாட்டை முதலில் சொல்லுங்கள்.

பொங்கோலிலிருந்து ஒரு தந்தை: இருவரும் சிங்கப்பூரர்கள், இருவரும் வேலைக்குப் போகிறோம். விடுப்பை எப்படிப் பிரித்தால் நல்லது?

தாய்க்கு 16 வாரம், உங்களுக்கு 4 வாரம். 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு இருவரும் பகிர்ந்துகொள்ள இன்னும் 10 வாரம். முதலாளியிடம் குறைந்தது நான்கு வாரம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பலர் நான்கு வாரத்தையும் பிறந்தவுடனேயே எடுத்துவிடுகிறார்கள். பாட்டி இருக்கும்போது வீட்டில் ஆள் கூட்டம், பாட்டி விமானம் ஏறிய மறுநாள் தாய் தனியாக நிற்கிறாள். அலுவலகம் ஒத்துக்கொண்டால் முதல் இரண்டு வாரத்தை இப்போதும், அடுத்த இரண்டைப் பாட்டி கிளம்பும் வாரத்திலும் வையுங்கள். பகிர்வு விடுப்பை மனைவி வேலைக்குத் திரும்பிய பிறகு நீங்கள் தொடர்ந்தால், 16 வாரமும் 10 வாரமுமாகக் குழந்தைக்கு ஆறு மாதம் வரை பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருப்பார். பராமரிப்பு நிலையங்கள் இரண்டு மாதக் குழந்தையிலிருந்தே சேர்க்கின்றன, ஆனால் இடம் எளிதில் கிடைக்காது. கர்ப்ப காலத்திலேயே பதிந்து வையுங்கள்.

இரவையும் பிரியுங்கள். ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை குழந்தை உங்களுடையது, பிழிந்து வைத்த பாலோடு. மனைவி வேறு அறையில் கதவைச் சாத்தித் தூங்கட்டும்.

ஜூரோங்கிலிருந்து: தமிழ்நாட்டிலிருந்து வேலை அட்டையில் வந்தவர்கள் நாங்கள். அம்மாவை எத்தனை நாள் இங்கே வைத்திருக்கலாம்?

பெற்றோருக்கு நீண்டகால வருகை அட்டை வாங்க, வேலை அட்டை வைத்திருப்பவருக்கு மாதம் 12,000 வெள்ளி நிலைச் சம்பளம் வேண்டும். இல்லையென்றால் குறுகிய கால வருகைதான். அதனால் டிக்கெட்டை ரொம்ப முன்னால் போடாதீர்கள். வளைகாப்பு முடிந்து சும்மா காத்திருக்கும் நாட்களில் அனுமதி கரைந்துவிடும். மருத்துவர் சொன்ன தேதியை ஒட்டி வரட்டும்.

குழந்தை குடியுரிமை பெறாததால் விடுப்புக் கணக்கும் வேறு. வேலைவாய்ப்புச் சட்டப்படி தாய்க்கு 12 வாரம். அரசாங்கச் சம்பளத்தோடு வரும் தந்தை விடுப்பு உங்களுக்குக் கிடையாது, எனவே ஆண்டு விடுப்பை இப்போதே சேர்த்து வையுங்கள். பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். சான்றிதழ் 2022 மே 29 முதல் மின்னிலக்க வடிவில்தான் வருகிறது. அதை வைத்து கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்து, கடப்பிதழும் எடுத்துவிடுங்கள்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து: மருத்துவமனையிலிருந்து கிராப் காரில் வரலாமா?

வரலாம், குழந்தை இருக்கை இருந்தால். குழந்தை இருக்கை கட்டாயம் என்ற விதியிலிருந்து டாக்சிக்கு விலக்கு உண்டு, கிராப் போன்ற தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. டாக்சியில் வந்தாலும் இருக்கையில் வைத்துக் கட்டுவதுதான் பாதுகாப்பு.

உட்லண்ட்ஸிலிருந்து: கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது. இப்போது போய்விட்டது என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. குழந்தையின் தடுப்பூசி நாளை யாரும் மறப்பதில்லை, இதைப் பலர் மறக்கிறார்கள். நம் இனத்தவருக்கு நீரிழிவு அதிகம் வருகிறது. இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

ஒரு தந்தை, ஊர் குறிப்பிடவில்லை: குழந்தைக்கு ஐந்து வாரம். மனைவி ராத்திரியில் அழுதுகொண்டே இருக்கிறாள். குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. "நாங்கள் எல்லாம் பெறவில்லையா" என்கிறார்கள் வீட்டில்.

முதல் சில நாட்களில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஐந்து வாரம் ஆகியும் இருந்தால், குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியவில்லை என்றால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். காய்ச்சலைப் போல இதுவும் ஒரு நோய், சிகிச்சை இருக்கிறது. பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு. வீட்டில் பேசுகிறவர்களை நீங்கள்தான் நிறுத்த வேண்டும், அவளால் முடியாது.

பிரசவம் பார்த்த மருத்துவமனையிலோ பலதுறை மருந்தகத்திலோ நாளைக்கே நேரம் வாங்குங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமானால் 1771 அல்லது 1767 எண்ணுக்கு அழைக்கலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று அவள் சொன்னாலும், இல்லாத குரல் கேட்கிறது என்றாலும், உடனே ஆம்புலன்ஸுக்கு 995. அவளைத் தனியே விடாதீர்கள்.

அதற்கு முன், இன்று இரவு அவள் பக்கத்தில் உட்கார்ந்து "செத்துப் போகலாம் போல இருக்கா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மருத்துவரிடம் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். அவள் பேசும் நேரத்தில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.