கடல் மேற்பரப்பு ஒரே நாளில் எவ்வளவு சூடாகும் என்ற முன்கணிப்பைச் செயற்கைக்கோளை வைத்துச் சரிபார்க்க முடியுமா? கடலில் மிதந்தபடி வெப்பநிலையை அளக்கும் மிதவை போதாதா?

முடியும். இந்த வேலைக்கு மிதவை மட்டும் போதாது. ஆய்வேட்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "மிதவை சொல்வதுதான் உண்மை" என்று யாரோ உங்களை மடக்கியிருப்பார்கள். என்னையும் அப்படித்தான் மடக்கினார்கள்.

நான் எடுத்துக்கொண்டது ஏப்ரல் மாத வங்காள விரிகுடா. வெயில் கொளுத்தும், காற்று அடங்கிக் கிடக்கும். சூடு கீழே கலக்காமல் மேலேயே தங்கிவிடும். அப்படிப்பட்ட நாட்களில், விடியலுக்கு முன் இருந்ததைவிடப் பிற்பகலில் 2 டிகிரிக்கு மேல் ஏறியிருப்பதை இந்திய வானிலைச் செயற்கைக்கோளான இன்சாட்-3டி காட்டியது. மிதவையில் அரை டிகிரிகூட ஏறவில்லை. வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வந்த தேர்வாளர் "செயற்கைக்கோள் தப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

தப்பில்லை. மிதவையின் உணரி சுமார் 1 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. செயற்கைக்கோளுக்கு அகச்சிவப்பில் தெரிவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமனுள்ள கடலின் மேல்தோல். காற்று வீசினால் இரண்டும் நெருங்கிவரும், அடங்கினால் விலகும். பிரிட்டன் வானிலைத் துறையின் ஆஸ்டியா என்ற கடல் வெப்பநிலைப் பகுப்பாய்வில், காற்று நொடிக்கு 6 மீட்டருக்குக் குறைவாக இருக்கும்போது எடுத்த பகல்நேர அளவுகளை ஒதுக்குவதே இந்தப் பகல் சூடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

மிதவையை நான் மட்டம் தட்டுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செயற்கைக்கோள் அளவுகளைச் சீர்செய்வதே மிதவைகளை வைத்துத்தான். அதனால்தான் வெப்பநிலையை நேரடியாக ஒப்பிடாமல், அந்தந்த இடத்தின் விடியற்கால அளவைக் கழித்து ஏற்றத்தை மட்டும் ஒப்பிட்டேன். கருவியின் நிலையான பிழை அதில் பெரும்பாலும் அடிபட்டுப்போகும்.

இன்னொன்று மேகம். அகச்சிவப்பு மேகத்தை ஊடுருவாது. ஆகவே கையில் மிஞ்சுவது வானம் தெளிந்த நேரங்களே. முன்கணிப்பைத் தரும் கணினி மாதிரியின் எல்லா நாள் சராசரியை அதோடு ஒப்பிட்டால், மாதிரி குறைவாகக் கணித்ததுபோலத் தோன்றும். மாதிரியிலும் அதே இடம், அதே மணி மட்டும் எடுக்க வேண்டும். இதை விளக்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை. வைவாவில் பாதி நேரம் பக்க ஓரம் எத்தனை அங்குலம், எழுத்து என்ன அளவு என்பதிலேயே போயிற்று. பல மாத உழைப்பை அளக்கும் முறையா அது? இன்றும் ஆறவில்லை.

முடிவுகளைக் காற்றின் வேகத்தை வைத்துப் பிரித்துப் பாருங்கள். பிழை முழுதும் காற்றில்லாத நாட்களில் குவிந்திருந்தால், மாதிரிக்குக் கொடுத்த காற்று முன்கணிப்பை முதலில் சோதியுங்கள். மாதிரியின் கடல் கணக்கீட்டில் கைவைப்பது அதற்கப்புறம்.