கல்லூரிக்குள் ஓர் ஓவியக்கூடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

மதுரைக்கு வெளியே ஒரு கலை அறிவியல் கல்லூரியில், தமிழ்த்துறையில் வேலை பார்க்கிறேன். எங்களுக்குப் புது நூலகம் கட்டியபோது பழைய வாசிப்பறை காலியானது. ஓவியங்கள் மாட்டி வைக்கலாமே என்று கூட்டத்தில் சொன்னேன். "சரி, நீங்களே பாத்துக்கங்க மேடம்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒன்றரை வருடத்தில் மூன்று கண்காட்சி நடத்திவிட்டேன். மூன்றுக்கும் குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் எல்லாம் உண்டு. அன்றைக்கு நிற்க இடம் இருக்காது. மறுநாளிலிருந்து ஈ காக்கை வராது. "வந்தா அட்டெண்டன்ஸ் போடுவீங்களா மேம்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இப்போது அந்த அறையைக் கம்ப்யூட்டர் லேப் ஆக்கலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு. ஓவியத்துறையே இல்லாத கல்லூரிக்கு இது எதற்கு என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் ஆசிரியராக இருந்த காலத்தில் இப்படி ஒரு கூடத்தைப் பார்த்துக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். தொடரலாமா, விட்டுவிடலாமா?

என் பெயர் வேண்டாம் சார்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள பேராசிரியருக்கு,

விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் தோற்றதாக எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருடமாகத் திறப்பு விழாக்களை நடத்தியிருக்கிறீர்கள். கூடத்தை இனிமேல்தான் நடத்த வேண்டும்.

மதுரையில் கண்காட்சி என்றதும் நம் எல்லோருக்கும் தமுக்கம் சித்திரைப் பொருட்காட்சிதான் நினைவுக்கு வரும். ராட்டினம், டெல்லி அப்பளம், தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். அந்தச் சொல்லுக்குள்ளேயே கூட்டம் இருக்கிறது. அதனால்தான் ஆள் இல்லாத அறையைப் பார்த்தால் நமக்கு மனசு உடைகிறது. ஆனால் அதே தமுக்கத்தில், ராணி மங்கம்மாள் அரண்மனையில், 1959 முதல் காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த துணி அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. சத்தமாகப் பேசிக்கொண்டு வருகிறவர்கள்கூட அதன் முன்னால் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு பொருள்தான். உங்கள் அறைக்குள்ளும் ஒரு பையன் ஒரு படத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்றால் போதும். விழா எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் அது நடக்க வேண்டும்.

அதற்கு முதலில் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆறு பேர் போதும், ஆளுக்கு ஒரு மணி நேரம் காவல். காவல் இருப்பவர் ஒரு படத்தைப் பற்றியாவது கேட்டவுடன் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் குறிப்பையும் அவர்களே எழுதட்டும். வரைந்தவர், ஆண்டு, எதைக் கொண்டு வரைந்தது, அளவு. அதற்குக் கீழே அதிகம் போனால் மூன்று வரி. நீங்கள் பிழை மட்டும் திருத்துங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மாணவியிடம். விளக்குத்தூண் பக்கம் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்த ஓர் ஆர்ட்டிஸ்டை அழைத்து வந்திருந்தோம். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அவருக்கு வேலை ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. கூடத்தின் சுவரில் தலைப்பு எழுதத்தான் கூப்பிட்டோம். நூலில் நீலப் பொடி தடவி, இரண்டு முனையையும் பிடித்துச் சுண்டி, சுவரில் கோடு விழ வைத்தார். இடது கையில் ஒரு குச்சி, அதன் மேல் வலது மணிக்கட்டு. தட்டைத் தூரிகையால் 'ழ'வின் கீழ்ச்சுழியைத் தூக்காமல் ஒரே இழுப்பில் கொண்டுவந்து முடித்தபோது, வாசலில் நின்ற பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவருடைய பழைய துணி பேனர்களையும் எழுத்து மாதிரிகளையும் வாங்கி அடுத்த கண்காட்சியாகவே வைத்தோம். குறிப்பில் 'துணியில் எனாமல்' என்று நான்தான் எழுதினேன். நான்காம் நாள் வேதியியல் இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி தனியாக வந்தாள். ரொம்ப நேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்து, "சார், தப்பா எழுதிருக்கீங்க. துணி பேனருக்கு அப்பா எனாமல் தொடமாட்டாரு. பவுடர் கலர்ல வஜ்ரப் பசை காய்ச்சி ஊத்தித்தான் எழுதுவாரு" என்றாள். அவர் மகள் எங்கள் கல்லூரியில்தான் படிக்கிறாள் என்று அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. அவளும் சொன்னதில்லை. குறிப்பைக் கிழித்துவிட்டு அவளையே எழுதச் சொன்னேன். மறுநாள் தன் வகுப்பில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, வஜ்ரம் ஏன் பிடிக்கிறது, மழை பட்டால் ஏன் கரைகிறது என்று பேனரின் முன்னால் நின்று விளக்கினாள். யாருக்கும் அட்டெண்டன்ஸ் போடவில்லை.

ஓவியத்துறை இல்லாத கல்லூரிக்கு எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் அந்தப் பெண்தான். அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. இங்கே வேதியியலும் வணிகவியலும் படிக்க வருகிற பிள்ளைக்கு, நல்ல ஓவியம் ஒன்றை அச்சில் இல்லாமல் நேரில் பார்க்க உங்கள் அறையை விட்டால் வேறு இடம் அநேகமாகக் கிடைக்காது. ஓவியர் மனோகர் தேவதாஸ் மதுரையில் பிறந்து வளர்ந்தவர். படித்தது வேதியியல். விழித்திரை நோயால் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தபோதும் மீனாட்சி கோயில் கோபுரங்களைப் பேனா மையில் கோடு கோடாக வரைந்தார். 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உங்கள் வேதியியல் பிள்ளைகளுக்கு முதலில் அவரைச் சொல்லுங்கள்.

அடுத்து வெளிச்சம். இதில் நான் செய்த தவறை நீங்கள் செய்துவிடக் கூடாது. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் நம்பிக் கொடுத்த நீர்வண்ணப் படங்களை, மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஐந்து மாதம் மாட்டி வைத்திருந்தேன். திருப்பிக் கொடுப்பதற்காக ஃப்ரேமைப் பிரித்தபோது, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை மூடியிருந்த ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தாமரைப்பூவின் சிவப்பு அப்படியே இருந்தது. அதற்கு உள்ளே, நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்த பகுதியில், சோறு வடித்த கஞ்சியில் குங்குமம் ஒரு துளி விழுந்த மாதிரி வெளிறிப்போயிருந்தது. தினமும் பார்த்ததால்தான் எங்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்தை மடியில் வைத்து அந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அந்த விரல் மறக்கவில்லை.

காகிதத்தில் வரைந்த நீர்வண்ணத்துக்கும் சாயத் துணிக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் போதும். எண்ணெய் வண்ணம் 200 வரை தாங்கும். நம் ஊர் ஜன்னலோரத்தில் பகலில் ஆயிரக்கணக்கில் இருக்கும். வெளிச்சம் செய்யும் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பி வராது. 50 லக்ஸில் பத்து மணி நேரம் வைப்பதும் 500 லக்ஸில் ஒரு மணி நேரம் வைப்பதும் ஒன்றுதான். செல்போனிலேயே அளக்கும் செயலி இருக்கிறது. துல்லியமாகக் காட்டாது, ஆனால் எது மோசமான சுவர் என்று தெரிந்துவிடும். இயற்பியல் துறையில் நல்ல லக்ஸ் மீட்டர் இருந்தால் அளக்கும் வேலையை அவர்களிடமே கொடுங்கள். காகிதப் படங்களை ஆறு வாரத்துக்கு மேல் சுவரில் விடாதீர்கள். ஃப்ரேம் கடையில் மவுண்ட் வைக்காமல் கண்ணாடியைப் படத்தோடு ஒட்டிப் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஐப்பசி ஈரத்தில் வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணமும் பிடிக்கும்.

மாட்டும்போது படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். கொத்தனாரிடம் ஒரு ரசமட்டம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்மட்டத்தை நம்ப வேண்டாம். படம் இரவல் வாங்கும்போதே முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து, ஏற்கெனவே இருக்கும் கீறல், கறை எல்லாவற்றையும் எழுதி, கொடுத்தவரும் நீங்களும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி. பழகியவர்தானே என்று இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

என்ன வைப்பது என்ற கவலையே உங்களுக்கு வேண்டாம். களிமண் பொம்மை செய்யும் விளாச்சேரி பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு கொலு பொம்மையை ஈரக் களிமண், காய்ந்தது, சுட்டது, வண்ணம் பூசியது என்று நான்கு நிலையில் வாங்கி வரிசையாக வையுங்கள். மதுரைச் சுங்குடிச் சேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் கையால் முடிச்சுப் போட்ட சுங்குடி எப்படி உருவாகிறது என்று பார்த்த பிள்ளைகள் குறைவு. சாயம் போட்டு முடிச்சைப் பாதி மட்டும் அவிழ்த்த துணி ஒன்றை வையுங்கள். புள்ளி எங்கிருந்து வந்தது என்று பார்த்ததும் புரியும். கீழக்குயில்குடி சமணர் மலைச் சிற்பங்களுக்கும் அழகர்கோயில் வசந்த மண்டபத்து ராமாயண ஓவியங்களுக்கும் பிள்ளைகளை நோட்டோடு கூட்டிப்போய், பார்த்து வரையச் சொல்லி அந்தக் கோட்டோவியங்களை மாட்டுங்கள். பன்னிரண்டு படத்துக்கு மேல் வேண்டாம்.

நிர்வாகத்திடம் பேசும்போது எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கைச் சொல்லாதீர்கள். எந்தெந்தத் துறை எத்தனை வகுப்பை அந்த அறையில் நடத்தியது என்று பதிவேடு போடுங்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழுவுக்குக் கொடுக்கும் அறிக்கையில் சிறந்த நடைமுறைகள் என்று ஒரு பகுதி உண்டு. அதில் எழுத எல்லாக் கல்லூரிகளும் எதையாவது தேடிக்கொண்டிருக்கின்றன. ஒரு பருவத்துப் பதிவேட்டை முதல்வர் மேசையில் வைத்துவிட்டு, இன்னொரு பருவம் கேளுங்கள். பொன்னாடைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவை மவுண்ட் அட்டைக்குத் திருப்பிவிடுகிறேன் என்றும் சொல்லுங்கள்.

பருவத் தேர்வு முடிந்து டிசம்பரில் வகுப்பு தொடங்கும்போது எழுதுங்கள், ரசமட்டத்தோடு நானே வருகிறேன். அதற்கு முன்னால், அந்த அறைக்கு மேற்கே ஜன்னல் இருந்தால், இந்த வாரமே காடாத் துணி வாங்கி இரண்டு மடிப்பாகத் தைத்துத் தொங்கவிடுங்கள்.

அன்புடன்.