திராட்சையைத் தின்ன வைப்பது எப்படி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டில் ரேவன்லாஃப்ட் என்ற திகில் உலகம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நண்பர்களைச் சேர்த்து ஆட ஆரம்பித்தேன். இப்போது ஆட்டத்தை நடத்தும் டிஎம் நானே. கில்லெர்மோ டெல் டோரோவின் ‘பான்ஸ் லேபிரிந்த்’ படத்தை அந்த உலகத்துக்குள் ஒரு தனி டொமைனாக, அதாவது தனி நிலமாகக் கொண்டுவர ஆசை. காடு, பழைய மில், சுழல்வழி, ஃபான் என்ற ஆட்டுக்கொம்பு வனதேவன் என்று எல்லாம் தயார் செய்தேன். உள்ளங்கையில் கண் வைத்திருக்கும் அந்த வெளிறிய மனிதனை டார்க்லார்டாக, அந்த நிலத்தின் தலைவனாக வைத்தேன்.

போன வாரம் முதல் செஷன். எதையாவது தின்றால் அவனை எழுப்பிவிடும் விருந்து மேசையைப் பத்து நிமிடம் வர்ணித்தேன். நிஜ மணல் கடிகாரம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். ஒருவன்கூட எதையும் தொடவில்லை. தலைமாட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தவனைச் சுற்றி நின்று இரண்டே ரவுண்டில் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். படத்தில் என்னை உறைய வைத்த காட்சி, மேசையில் காமெடியாகப் போய்விட்டது.

எங்கே தப்பு செய்தேன்? படத்தின் வில்லனான ராணுவ அதிகாரி கேப்டன் விடாலை டார்க்லார்ட் ஆக்கியிருக்க வேண்டுமா? ஸ்பெயின், உள்நாட்டுப் போர் எல்லாம் ஆட்டத்தில் யாருக்கும் ஒட்டாது என்று எடுத்துவிட்டேன். அது சரிதானே?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர்கள் செய்ததைத்தான் எந்த மேசையிலும் செய்வார்கள். இதே படத்தை வைத்து ஆட்டம் நடத்தி நானும் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். என் மேசையில் ஒரு மந்திரவாதி உள்ளேகூட வரவில்லை. வாசலில் நின்றபடி ஒரு ஃபயர்பால் போட்டான். பழம், கறி, கண்கள் இருந்த தட்டு, எல்லாம் கரி. “சரி, இப்போ சாப்பிடலாமா?” என்று கேட்டான். அன்றைக்கு அதற்குமேல் ஆட்டம் நகரவில்லை.

மற்ற வாசகர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்காக டிரேசி ஹிக்மேனும் லாரா ஹிக்மேனும் 1983-இல் எழுதிய ஒற்றைச் சாகசம்தான் ரேவன்லாஃப்ட். ஒரு கோட்டை, அதில் ஸ்ட்ராட் என்ற ரத்தக்காட்டேரி. 1990-இல் அது முழு உலகமாக வளர்ந்தது: மூடுபனி சூழ்ந்த சின்னச் சின்ன நிலங்கள், அவைதான் டொமைன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டார்க்லார்ட். அந்த நிலத்தை ஆள்பவனும் அவன்தான், அதில் அடைபட்டுக் கிடப்பவனும் அவன்தான். ஸ்ட்ராட் தன் தம்பி மணக்கவிருந்த டாட்யானாமேல் ஆசைப்பட்டு, கல்யாணத்தன்று தம்பியைக் கொன்றான். அவள் கோட்டையிலிருந்து குதித்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் வேறு வேறு பெண்ணாகத் திரும்பத் திரும்பப் பிறந்து வருகிறாள், அவனும் கைக்கெட்டும் தூரத்தில் ஒவ்வொரு முறையும் அவளைப் பறிகொடுக்கிறான். டார்க்லார்டைத் தேடும்போது யாருக்குப் பலம் அதிகம் என்று பார்க்கக்கூடாது. எது கிடைக்காமல் ஒருவன் வேகிறான் என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் வெளிறிய மனிதன் தேறமாட்டான். அவனுக்கு ஏக்கம் எதுவும் இல்லை. வந்தால் தின்பான், வராவிட்டால் உட்கார்ந்திருப்பான். அவன் ஓர் எலிப்பொறி. பொறியைப் போய் ராஜா ஆக்கியிருக்கிறீர்கள். பொறியில் தேங்காய்ச் சில்லு வைத்தீர்களே, எலிக்குப் பசி வேண்டாமா?

படத்தை மறுபடி பாருங்கள். விடாலின் வளர்ப்பு மகளான சிறுமி ஒஃபீலியா வெளிறியவன் மேசைத் திராட்சையில் கை வைப்பதற்கு ரொம்ப முன்னாலேயே அந்தக் காட்சி ஆரம்பித்துவிடுகிறது. மலையில் ஒளிந்திருக்கும் கெரில்லாக்களுக்கு ஒரு வாய் சோறுகூடப் போய்விடக்கூடாது என்று விடால் தானியக் கிடங்கைப் பூட்டுகிறான். ஊர் மக்கள் ரேஷன் அட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். அவன் வீட்டு மேசையில் பெரிய மனிதர்கள் விருந்து சாப்பிடுகிறார்கள். புது உடையைச் சேறாக்கியதற்காக ஒஃபீலியாவை இரவுச் சாப்பாடு இல்லாமல் படுக்க அனுப்புகிறார்கள். அப்புறம்தான் வெளிறியவனின் மேசை வருகிறது. அவன் உட்கார்ந்திருக்கும் இடமும் விடால் உட்கார்ந்திருந்த அதே தலைமாடுதான். இத்தனையையும் விட்டுவிட்டு மேசையை மட்டும் தூக்கி வந்தால் அது வெறும் மேசை.

ஆக, உங்கள் ஆட்டம் பசியிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்புத்தகத்திலேயே இதற்கு வழி இருக்கிறது, யாரும் சீண்டுவதில்லை, அவ்வளவுதான். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு உணவு. சாப்பாடே இல்லாமல் மூன்று நாள், கூடவே கான்ஸ்டிடியூஷன் மாடிஃபையர் (பாத்திரத்தின் உடல் வலுவுக்கான எண்), அத்தனை நாள் தாங்கலாம். அதற்கு மேல் நாளுக்கு ஒரு படி எக்ஸாஸ்ஷன், அதாவது களைப்பு, ஏறும். மூன்றாம் படியில் வாள் வீச்சும், ஆபத்திலிருந்து தப்பப் பகடை உருட்டும் சேவிங் த்ரோவும் தடுமாறும், ஆறாம் படியில் சாவு.

இங்கே இயற்கை மந்திரம் தெரிந்த உங்கள் ட்ரூயிட் கையைத் தூக்குவான். “என்கிட்ட குட்பெர்ரி இருக்கு.” முதல் லெவல் மந்திரம், பத்துப் பழம், ஒரு பழம் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் போதும். பெரும்பாலான டிஎம்கள் இந்த இடத்தில் மந்திரத்தைத் தடை செய்துவிடுவார்கள். செய்யாதீர்கள். பழம் வரட்டும். அவன் உள்ளங்கையில் பத்துப் பழம் இருக்கும்போது, மில்லின் பின்வாசலில் நாற்பது பேரை நிறுத்துங்கள். முதல் ஆளாக ஒரு கைக்குழந்தைக்காரி. அவள் எதுவும் கேட்க வேண்டாம், நின்றால் போதும். என் இரண்டாவது முயற்சியில் அந்த ட்ரூயிட் மூன்று நாளும் பத்தையும் கொடுத்துவிட்டான். நாலாவது நாள் கதவைத் திறக்கவில்லை. கதவைத் திறக்காத அந்த இரவைப் பற்றி இன்றைக்கும் பேசிக்கொள்கிறோம். அந்த ஆட்டத்தில் வந்த பூதம் எதையும் யாருக்கும் நினைவில்லை.

இவர்கள் இந்த நிலையில், படத்தில் ஒஃபீலியா செய்வதுபோல், சாக்பீஸால் சுவரில் கதவு வரைந்து வெளிறியவனின் அறைக்குள் போகட்டும். ஒரு திராட்சைக்கு ஒரு படி எக்ஸாஸ்ஷன் குறையும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்தால் சந்தேகம்தான் வரும், ஆசை வராது. என் மேசையில் பாலடின் என்ற புனித வீரனாக ஆடியவன் தன் பாத்திரத்தின் ஷீட்டைப் பார்த்தான், மணல் கடிகாரத்தைப் பார்த்தான், “ரெண்டே ரெண்டு எடுத்தா தெரிஞ்சிடுமா?” என்றான். நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவன் அவன் கையைப் பிடித்தான், ஆட்டத்தில் அல்ல, நிஜமாகவே.

அப்படியும் யாரும் தின்னாமல் வெளிறியவனைக் கொன்றுவிட்டால்? கொல்லட்டும். “அவனை வெட்ட முடியாது” என்று விதி போடுவது சோம்பேறித்தனம். அடுத்த முறை எங்கே கதவு வரைந்தாலும் அதே மேசை, அதே இடத்தில் அவன். ஓரத்தில் குவிந்திருக்கும் குழந்தைச் செருப்புகளில் மட்டும் ஒரு ஜோடி கூடியிருக்கும்.

சரி, விடாலுக்கு வருவோம். அவன்தான் டார்க்லார்ட், சந்தேகமே இல்லை. ஆனால் காரணம் அவன் கொடூரம் இல்லை. முயல் பிடிக்க வந்த தகப்பனையும் மகனையும் கொன்றுவிட்டு, அப்புறம் பையைத் துழாவி உள்ளே முயல் இருப்பதைப் பார்க்கிறானே, அதுகூட இல்லை. அவன் கையில் இருக்கும் கடிகாரம்தான் காரணம். போர்க்களத்தில் செத்த தகப்பன், தான் இறந்த நேரம் மகனுக்குத் தெரியட்டும் என்று அதைக் கல்லில் மோதி நிறுத்தியதாக ஊரெல்லாம் கதை. விடாலோ தகப்பனிடம் கடிகாரமே இருந்ததில்லை என்று விருந்தில் சாதிக்கிறான், தனியாக இருக்கும்போது அதைத்தான் துடைத்துப் பழுது பார்க்கிறான். கடைசியில் தன் மகனிடமும் தன் சாவின் நேரத்தைச் சொல்லச் சொல்கிறான். உன் பெயர்கூட அவனுக்குத் தெரியப்போவதில்லை என்கிறாள், அவன் வீட்டு வேலைகளைப் பார்த்துவந்த மெர்சிடிஸ்.

டார்க்லார்டின் சாபத்தை இதைவிடச் சுத்தமாக யாரும் எழுதித் தர முடியாது. உங்கள் டொமைனில் அவனை எல்லோரும் ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் பெயரைச் சொல்லும்போதே கேட்பவருக்கு மறந்துபோகும். பதிவேட்டில் எழுதினால் காலையில் அந்த இடம் காலியாக இருக்கும். அவன் ஊர் முழுக்க ஆண் குழந்தைகளைப் பொறுக்கிக்கொண்டு வருகிறான், யாராவது ஒருவனாவது தன் பெயரைத் திருப்பிச் சொல்வானா என்று. ஆட்டக்காரர்களுக்கு அவன் பெயர் தெரிந்தால் அதுதான் அவர்கள் ஆயுதம். எப்படி என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. வரலாற்றை எடுத்தது தப்பு என்றுதான் சொல்வேன். கதை நடப்பது 1944-இல். உள்நாட்டுப் போர் 1939-லேயே முடிந்து, சர்வாதிகாரி ஃபிராங்கோ ஜெயித்தாகிவிட்டது. மலையில் இருக்கும் கெரில்லாக்கள் விடாலை வீழ்த்துகிறார்கள், சரி. ஆனால் ஃபிராங்கோ 1975-இல் சாகும்வரை ஆட்சியில் இருந்தார். விடால் தனிக்காட்டு ராஜா இல்லை. மேலிருந்து வரும் உத்தரவை நிறைவேற்றும் ஓர் அதிகாரி. கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவது உங்களைப் போன்றவர்களால் மட்டுமே முடியும் என்று டாக்டர் அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறார், சொன்னதற்காகச் சாகிறார். மூடுபனிக்குள் கொண்டுவந்து அவனைக் கோட்டை வைத்த வில்லன் ஆக்கினால் இந்தப் பாதி போய்விடும். ஸ்பெயின் என்ற பெயர் உங்கள் ஆட்டத்துக்கு வேண்டாம் என்றால் விடுங்கள். கீழ்ப்படிதலை விடாதீர்கள். (பேய், பாழடைந்த கட்டடம், பழைய பாவம் என்று ரேவன்லாஃப்டுக்கு அலுங்காமல் பொருந்துவது அதே இயக்குநரின் 2001 படம், ‘தி டெவில்ஸ் பேக்போன்’. அநாதை விடுதி, முற்றத்தில் வெடிக்காத குண்டு. சுலபமான வேலை வேண்டும் என்றால் அங்கே போங்கள்.)

கீழ்ப்படிதல் என்று வந்துவிட்டால் இந்த விளையாட்டைப் போல வசதியான இடம் வேறு இல்லை. யோசித்துப் பாருங்கள். சத்திரத்தில் முகம் மறைத்த ஒருவன் “அந்தக் குகையிலிருந்து அந்தக் கத்தியை எடுத்து வா” என்கிறான். நம் ஆட்டக்காரர்கள் ஏன் என்று கேட்கிறார்களா? கூலி எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். ஃபான் ஒஃபீலியாவுக்குக் கொடுப்பதும் இதே மாதிரி மூன்று வேலை. தேரையின் வயிற்றிலிருந்து சாவி, வெளிறியவன் அறையிலிருந்து கத்தி, மூன்றாவதாக அவள் தம்பியின் ரத்தத்தில் ஒரு சொட்டு. மூன்றாவதை அவள் மறுக்கிறாள். மறுத்ததுதான் தேர்வில் தேறியது. உங்கள் ஃபானும் முதல் இரண்டு வேலையை எந்த டிஎம்மும் கொடுக்கிற மாதிரியே சாதாரணமாகக் கொடுக்கட்டும், நல்ல பரிசும் தரட்டும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கீழ்ப்படியாமல் இருந்தாலே நல்லது என்று படமும் சொல்லவில்லை. வெளிறியவன் அறையில், வழிகாட்ட வந்த குட்டித் தேவதைகள் ஒரு சின்னக் கதவைக் காட்ட, ஒஃபீலியா தன் மனசு சொன்ன வேறு கதவைத் திறக்கிறாள், கத்தி அங்கேதான் இருக்கிறது. அடுத்த நிமிடம் அதே பெண் திராட்சையைத் தின்கிறாள், இரண்டு தேவதைகள் செத்துப்போகின்றன. இரண்டும் சொல் கேளாமைதான். உங்கள் ஆட்டத்திலும் இரண்டுக்கும் இடம் வேண்டும், இல்லாவிட்டால் நாலு செஷனில் “ஃபான் எது சொன்னாலும் செய்யாதே” என்று சூத்திரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

குழந்தைக்கு ஆபத்து, சித்திரவதை, பிரசவத்தில் மரணம் எல்லாம் இந்தக் கதையில் உண்டு. ஆடுபவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், ஒரு காட்சி தாங்கவில்லை என்றால் தொட்டு நிறுத்த எக்ஸ் கார்டு ஒன்று மேசையில் இருக்கட்டும். இதில் விவாதத்துக்கு ஒன்றும் இல்லை.

உத்தரவு மேலிருந்து வருகிறது என்றேனே, அதை டொமைனுக்குள் இப்படி வைத்துப் பாருங்கள். கேப்டன் ஒவ்வொரு ஞாயிறும் தலைமைக்கு அறிக்கை எழுதி, தூதனை மூடுபனிக்குள் அனுப்புகிறான். தூதன் திரும்புவதில்லை. பதில் கடிதம் மட்டும் மறுநாள் அவன் மேசையில் இருக்கும். ரேஷனைப் பாதியாகக் குறை, மேற்குப் பக்கத்து வீடுகளைக் காலி செய், இப்படி. அவனும் செய்கிறான். ஒரு கட்டத்தில் உங்கள் ஆட்கள் அந்தக் கடிதங்களில் ஒன்றைத் திருடுவார்கள். அப்போது நிஜத் தாள் ஒன்றை எடுத்து மேசையில் வையுங்கள், அவர்களில் ஒருவனுடைய கையெழுத்தில். கள்ளக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஒரு வாரம் முன்னால் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த நாலு வரியை ஒரு தாளில் எழுதித் தா என்று சொல்லுங்கள். எழுதிக் கொடுத்துவிடுவான். எதற்கு என்று கேட்கக்கூட மாட்டான்.