வளைத்தாலோ அழுத்தினாலோ மின்சாரம் தரும் பைசோ படலத்தை, நடக்கும்போது வளையும்படி ஷூவில் வைத்தால் போன் சார்ஜ் ஆகுமா? சின்ன சென்சருக்காவது போதுமா?

போனுக்கு ஆகாது. சென்சருக்குப் போதும், அது பெரும்பாலான நேரம் தூங்குகிற சென்சராக இருந்தால்.

போன் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். 1998-இல் எம்ஐடி மீடியா லேபில், ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் பிவிடிஎஃப் என்ற பைசோ பிளாஸ்டிக் படலத்தை அடுக்கடுக்காக வைத்து நடந்து பார்த்தார்கள். சராசரியாகக் கிடைத்தது சுமார் 1 மில்லிவாட். போன் பேட்டரி 15 வாட்-மணி என்று வைத்துக்கொண்டால் 15,000 மணி நேரம் நடக்க வேண்டும். சாப்பிடாமல் தூங்காமல் நடந்தாலும் ஒன்றே முக்கால் வருஷம் ஆகிவிடும்.

"ஆனால் படலத்தை வளைத்தால் 20 வோல்ட் வருகிறதே!" என்பீர்கள். நானும் அதில் ஏமாந்தவன்தான். மேசை விளிம்பில் ஒரு துண்டுப் படலத்தை ஒட்டி விரலால் சுண்டினேன். மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் கோடு விர்ரென்று மேலே போனது. அதே படலத்தை மல்டிமீட்டரில் இணைத்து மெதுவாக வளைத்தால், ஏதோ சில புள்ளிகள் அசைந்ததோடு சரி. காரணம், படலம் அடிப்படையில் ஒரு குட்டிக் கெபாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் பானை. 1 நானோஃபாரட் படலத்தில் 20 வோல்ட் வந்தாலும் உள்ளே இருப்பது 0.2 மைக்ரோஜூல்தான். நொடிக்கு ஒரு தடவை வளைக்கும்போது அதன் உள்மறிப்பு (மின்னோட்டத்துக்கு உள்ளேயே இருக்கும் தடை) 150 மெகாஓமைத் தாண்டும். 10 மெகாஓம் மீட்டரை வைத்தால் வந்த மின்னூட்டம் அதன் வழியாகவே வடிந்துவிடும். 'டிக்' என்று அழுத்தும் கேஸ் லைட்டரும் பைசோதான். ஆயிரக்கணக்கான வோல்ட், கிடைப்பது ஒரு பொறி.

செய்து பார்ப்பவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழுகிற இடங்கள் சில உண்டு. படலத்தைத் தனியாக வளைத்தால் மேல் பாதி இழுபடும், கீழ்ப் பாதி அமுங்கும், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். தடிமனான ஒரு பிளாஸ்டிக் பட்டையில் ஒட்டினால்தான் படலம் முழுவதும் ஒரே பக்கமாக இழுபடும். சாதாரண சால்டரிங் வேண்டவே வேண்டாம். சுமார் 170 டிகிரியில் பிவிடிஎஃப் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே பைசோ குணம் குறைய ஆரம்பிக்கும். நான் ஒரு துண்டை அப்படித்தான் சுருட்டி எடுத்தேன். கடத்தும் பசையோ கிளிப்போ போதும். அப்புறம், விரல் பட்டு எடுப்பதால் வரும் உராய்வு மின்சாரமும் இதில் கலந்துவரும். வயர்களை மாற்றி மாட்டுங்கள். அலை தலைகீழாகாவிட்டால் நீங்கள் அளப்பது பைசோ அல்ல.

பிஇசட்டி என்ற பைசோ பீங்கான், பிவிடிஎஃப்பைவிட ஒரே அழுத்தத்துக்குப் பத்து மடங்குக்கும் மேல் மின்னூட்டம் தரும். ஆனால் உடையும், ஈயமும் உண்டு. 1969-இல் பிவிடிஎஃப்பின் பைசோ குணம் தெரியவந்ததிலிருந்து ஷூ, உடை, உடம்புத் தோல் என்று எல்லோரும் பிளாஸ்டிக் பக்கம் போவது அதனால்தான். பீங்கான் தூளை சிலிகான் ரப்பரில் கலப்பதும் நடக்கிறது. மெத்தென்ற சிலிகான் பாதி அழுத்தத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும் என்பது என் குறை.

சரி, சென்சருக்கு வருவோம். நன்றாக ஒட்டிய பெரிய படலத்தில் வளைவுக்கு 1 மைக்ரோஜூல் உருப்படியாகக் கிடைக்கிறது என்று வைப்போம். 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 3 வோல்ட்டுக்கு ஏற்ற 450 மைக்ரோஜூல் வேண்டும், அதாவது 450 வளைவு. சிறு துளி பெருவெள்ளம் என்பார்கள். இங்கே பானையும் கசியும், மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டயோடும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அதனால் 600, 700 வளைவுக்கு ஒரு தடவை விழித்து, வெப்பநிலையை அளந்து, ஒரு குட்டி புளூடூத் செய்தியை அனுப்பிவிட்டு மறுபடி தூங்குகிற மாதிரி அமைக்க வேண்டும்.

படலம் வாங்கும் முன் சென்சர் ஒரு முறை விழித்துத் தூங்க எத்தனை மைக்ரோஜூல் செலவாகிறது என்று அளந்துவிட்டு வாருங்கள். எத்தனை சதுர செ.மீ. படலம் தேவை என்ற பேச்சே அதற்கு அப்புறம்தான்.