லாரிப் பட்டையில் செய்த கத்தி விரிசல் விட்டது பற்றி

வணக்கம் நண்பரே. பழைய லாரிப் பட்டையை (லாரியின் அடியில் அதிர்வைத் தாங்கும் வில் பட்டை, leaf spring) அறுத்துக் கத்தி செய்தீர்கள், பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கியதும் 'டிக்' என்று சத்தம் கேட்டு, வாய்ப்பக்கம், அதாவது வெட்டும் விளிம்பில், விரிசல் ஓடியது என்கிறீர்கள். குற்றவாளி தண்ணீர்தான். பட்டை எஃகு எண்ணெயில் தோய்க்க வேண்டிய ரகம். தண்ணீரின் வேகத்தை அது தாங்காது.

ஊர் ஆசாரி தண்ணீரில்தானே முக்குகிறார் என்று கேட்டிருந்தீர்கள். அவர் வாயை மட்டும் தொட்டு எடுத்து, முதுகில் மிச்சமிருக்கும் சூட்டில் எஃகின் மேல் நிறம் மாறி ஓடுவதைப் பார்த்து நிறுத்துவார். அது கைப்பழக்கம், இப்போதைக்கு வேண்டாம்.

அந்தக் கத்தியை விட்டுவிடுங்கள், விரிசல் ஒட்டாது. அடுத்ததில் வாயை மெலிதாகச் சாணை பிடிக்காமல் ஒன்றரை மில்லிமீட்டராவது விட்டு வையுங்கள். உலையில் காந்தம் ஒட்டாமல் போனபின் இன்னும் சற்று நிறம் ஏறவிட்டு, வெளியே எடுத்துக் காற்றிலேயே ஆற விடுங்கள். இப்படி மூன்று முறை. நான்காவது முறை அதே நிறத்தில் எண்ணெய்க்குள். கடலை எண்ணெயே போதும், 50–60 டிகிரிக்குச் சூடாக்கி, ஆழமான இரும்பு டப்பாவில். கத்தி முழுதாக மூழ்கட்டும், பாதியில் நின்றால் தீப்பிடிக்கும். மூடி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அப்புறம் அரத்தால் உரசிப் பாருங்கள். கடிக்காமல் வழுக்கினால் சரி. உடனே 200 டிகிரி சூட்டில் ஓவனில் (oven) இரண்டு மணி நேரம், ஆறியபின் இன்னொரு தடவை. இதைத் தள்ளிப்போட்டால் கீழே விழுந்தாலே உடையலாம்.

பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏற்கெனவே இருந்திருக்கலாம். முடிந்தால் புதுப் பட்டைத் துண்டாக வாங்குங்கள்.