வீட்டு மெயில் சர்வர்: கடிதம் வாங்குவது சுலபம், அனுப்புவதுதான் வம்பு

வீட்டிலேயே மெயில் சர்வர் வைத்து, ஆபீஸ், சொந்த ஊர், பயணம் என எங்கிருந்தும் பாதுகாப்பாகப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். பரணில் கிடந்த, திரை உடைந்த லேப்டாப் ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸைப் போட்டு, மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும், அதைப் போனில் படிக்கக் கொடுக்கும் டவ்காட்டும் ஏற்றி எங்கள் குடும்பத்துக்கே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ரவுட்டருக்குள் போய் வெளிப்பக்க ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பங்குபோடுகின்றன என்று அர்த்தம். வெளியிலிருந்து யாரும் நேராக உங்கள் சர்வரைத் தொட முடியாது. தனி ஐபி கிடைத்தாலும் சர்வர்கள் தங்களுக்குள் மெயில் பரிமாறும் வாசலான 25-ஆம் போர்ட் அடைபட்டிருக்கலாம். அதுவும் திறந்தது என்றே வையுங்கள், குப்பை மெயிலைத் தடுக்க உதவும் ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பு, வீட்டு இணைப்பு ஐபிகளுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நீங்கள் அனுப்பும் கடிதம் வாசலிலேயே திரும்பும்.

அதனால் நான் சின்னதாக ஒரு விபிஎஸ் (டேட்டா சென்டரில் ஓடும், சொந்தப் பொது ஐபி உள்ள மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு எடுத்தேன். (25 திறந்திருக்கிறதா, ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவை மாற்ற விடுவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.) அதற்கும் வீட்டுக்கும் நடுவே வயர்கார்டு என்ற விபிஎன், அதாவது பூட்டிய சுரங்கப் பாதை. வீட்டு லேப்டாப்தான் விபிஎஸ்ஸைக் கூப்பிடும். 25 விநாடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருப்பதால் பாதை மூடாது. விபிஎஸ் வெறும் வாசல்தான், கடிதங்கள் வீட்டு டிஸ்கில்.

இதில் நான் செய்த கோளாறைச் சொல்லிவிடுகிறேன். விபிஎஸ்ஸில் மாஸ்கரேட் போட்டிருந்தேன், அதாவது வருகிறவரின் ஐபியை மறைத்துத் தன் ஐபியைக் காட்டும் அமைப்பு. உலகத்தில் யார் வந்தாலும் வீட்டு சர்வருக்கு 10.8.0.1, அதாவது சுரங்கத்தில் விபிஎஸ்ஸின் முகவரி, வந்ததாகவே தெரியும். அந்த முகவரியை, பாஸ்வேர்டு கேட்காமலே மெயில் அனுப்ப விடும் போஸ்ட்ஃபிக்ஸின் 'மைநெட்வொர்க்ஸ்' வரியில் நம்பகமான ஆள் என்று நானே சேர்த்தும் வைத்திருந்தேன். மறுநாள் காலை, அனுப்பக் காத்திருக்கும் கடிதங்களைக் காட்டும் 'மெயில்க்யூ' கட்டளையை அடித்தால் திரை நிற்காமல் ஓடுகிறது. யார் யாரோ என் வழியாக லாட்டரி மெயில் அனுப்பியிருக்கிறார்கள். மாஸ்கரேட்டை எடுத்து, பதில்கள் அதே சுரங்கம் வழியே திரும்பும்படி ரூட்டிங் போட்டு, அந்த வரியில் 127.0.0.1 (அந்த லேப்டாப்பே) தவிர எல்லாவற்றையும் அழித்தேன். கெட்டுப்போன பெயர் சரியாகச் சில வாரம் ஆனது.

எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம்; உங்கள் பெயரில் வரும் கடிதம் நிஜமாக உங்களுடையதுதானா என்று எதிர்ப்பக்கம் சரிபார்க்க உதவுபவை இவை. ஒரு மாலை வேலை, அவ்வளவுதான்.

வெளியூர் அணுகலுக்கு வருவோம். மெயில் படிக்கும் 993, அனுப்பும் 465 ஆகிய இரு போர்ட்டுகளையும் நான் இணையத்துக்குத் திறக்கவே இல்லை. எல்லார் போனிலும் வயர்கார்டு இருக்கிறது, அதற்குள் வந்தால்தான் மெயில். முன்பு திறந்திருந்தபோது லாக் முழுக்க 'அட்மின்', 'இன்ஃபோ', 'டெஸ்ட்' என்று கதவைத் தட்டுகிறவர்கள்தான். போன் தொலைந்தால் அந்த போனின் வயர்கார்டு சாவியை மட்டும் நீக்கிவிட்டு, மெயில் பாஸ்வேர்டையும் மாற்றினால் போதும்.

கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். அனுப்பிய சர்வர் விடாமல் முயலும். போஸ்ட்ஃபிக்ஸே வழக்கமாக 5 நாள் வைத்திருந்து பார்க்கும்.

அப்புறம், இணைப்பைப் பூட்ட இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் குறுகிய காலத்துக்குத்தான். அது தானாகப் புதுப்பித்துக்கொண்டாலும் டவ்காட்டை ரீலோட் செய்யாவிட்டால் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். நான் அந்த ஒரு வரியை மறந்துவிட்டு, ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அண்ணனிடமிருந்து போன்: "டேய், மெயிலைத் திறந்தா ஏதோ எச்சரிக்கை காட்டுது, யாராவது உள்ள பூந்துட்டானா?"