பார்சல் வந்த அன்றைக்கே பிரிச்சுப் பாருங்க: தென்னாப்பிரிக்காவுல பல ஊர்லயிருந்து வந்த ஆன்லைன் துணி கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த்: அக்கா, தைப்பூசத்துக்குப் பட்டுன்னு சொல்லி ஆன்லைன்ல வாங்கின மஞ்சள் சேலை வந்திருக்கு. வச்சுக்கவா, திருப்பி அனுப்பவா?

பதில்: கையைக் கழுவித் துடைச்சுட்டு, பகல் வெளிச்சத்துல சுத்தமான பெட்ஷீட் மேல விரிங்க. முதல்ல நீளம். சேலை ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துண்டு 80 செ.மீ. 6.3 மீட்டர்னு போட்டிருந்தா அது ரெண்டையும் சேர்த்த கணக்கு.

அடுத்து நூல். ஓரத்துல தொங்குற பாவு நூல் (நீளவாக்குல ஓடுறது) ஒண்ணு, ஊடை நூல் (குறுக்கே ஓடுறது) ஒண்ணு உருவுங்க. இடுக்கியில பிடிச்சு, கிண்ணத்துக்கு மேல தனித்தனியா கொளுத்துங்க. முடி கருகின வாசனை வந்து, சாம்பல் விரல்ல பொடிஞ்சா பட்டு. உருகிக் கெட்டி மணியா உருண்டா பாலியெஸ்டர். காகிதம் எரியுற வாசனைன்னா விஸ்கோஸ் (மரக்கூழ்ல செய்யற, பட்டு மாதிரி மின்னுற நூல்). ரெண்டு நூலையும் பார்க்கச் சொல்றதுக்குக் காரணம், பாவு ஒண்ணு ஊடை வேறொண்ணுன்னு கலந்து நெய்யறதுண்டு. பட்டுன்னு விற்றது பட்டு இல்லேன்னா யோசிக்காம திருப்புங்க.

ரவிக்கைத் துண்டுல கத்தரி வைக்காதீங்க. வெட்டின சேலையை 'வேண்டாம்'னு திருப்ப முடியாது.

பீனிக்ஸ்: சுடிதார் டாப் மார்புல இறுக்கமா இருக்கு. பிரிச்சு விடலாமா?

பதில்: முதல்ல தோளைப் பாருங்க. தோள் தையல் தோள் எலும்பு முனையில உட்காரலேன்னா திருப்பிடுங்க. தோளைச் சரி பண்ண கையைக் கழற்றி, கைக்குழியையே மாத்தணும். தோள் சரியா இருந்தா, உள்பக்கம் திருப்பிப் பக்கத்தையல் மார்ஜினை (தையலுக்கு உள்ளே விட்டிருக்கிற துணியை) அளங்க. ஒரு அங்குலம் இருந்தா அரை அங்குலம் விடலாம், மீதி தையலுக்கு வேணும். முன்னும் பின்னுமா நாலு இடத்துல அரை அரைன்னா மொத்தம் 2 அங்குலம். காட்டன்ல பழைய தையல் ஓட்டை துவைச்சா மறையும். பட்டுலயும் வெல்வெட்லயும் அப்படியே நிக்கும்.

வெருலம்: ஆன்லைன்ல தள்ளுபடி விற்பனையில வாங்கினது, 'திருப்ப முடியாது'ன்னு போட்டிருக்காங்க.

பதில்: முடியும். தென்னாப்பிரிக்காவோட 2002-ஆம் ஆண்டு மின்னணுத் தகவல்தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம், பிரிவு 44: பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள்ள காரணமே சொல்லாம ரத்து பண்ணலாம். திருப்பி அனுப்புற செலவு மட்டும் உங்களோடது. முழுப் பணமும் 30 நாளுக்குள்ள வரணும்.

லெனேசியா: தப்பாச் சொல்றீங்க. மால்ல கேட்டா கூப்பன்தான் தர்றாங்க. விதிமுறைக்கு 'சரி'ன்னு டிக் பண்ணித்தானே வாங்கினோம்?

பதில்: மால்ல நேர்ல பார்த்து வாங்கினதுக்கு இந்த ஏழு நாள் கிடையாது. குறையில்லாத துணிக்குக் கூப்பன் தர்றது அந்தக் கடையோட விருப்பம். ஆன்லைன்ல அப்படியில்லை. டிக் பண்ணியிருந்தாலும் பிரிவு 48 இருக்கு: இந்த உரிமையைப் பறிக்கிற விதி செல்லாது. 'கூப்பன் வேண்டாம், பிரிவு 44-படி ரத்து செய்றேன்'னு ஏழு நாளுக்குள்ள ஈமெயில்ல எழுதுங்க. போன்ல சொன்னதுக்குச் சாட்சி இல்லை.

லெனேசியா: அப்போ அளவு கொடுத்துத் தைக்கச் சொன்ன ரவிக்கையையும் திருப்பலாமா?

பதில்: அதுக்கு விலக்கு உண்டு. உங்க அளவுக்குன்னே செய்தது இந்த ஏழு நாள்ல சேராது. ஆனா கொடுத்த அளவுக்குத் தைக்கலேன்னா அது குறை. அப்போ கேட்கலாம்.

டோங்காட்: ஏழு நாள் ஆர்டர் பண்ணின தேதியிலிருந்தா?

பதில்: கைக்கு வந்த நாளிலிருந்து. மேலே சொல்லியாச்சு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: சென்னைக் கடையில வாங்கினது, சாயம் வேற மாதிரி இருக்கு.

பதில்: திருப்புறதுக்கு முன்னாடி கூரியர் விலையைக் கேளுங்க. ஆடைக்கு 45% சுங்கம், வாட் 15% கட்டியிருப்பீங்க, அதைக் கடை திருப்பித் தராது. போட்டோ அனுப்பி விலையில கழிக்கச் சொல்றது மேல்.

இசிபிங்கோ: கூடவே வாங்கின கம்மல் கறுத்துப்போச்சு.

பதில்: நகை எனக்குத் தெரியாது. நகைக்காரர்கிட்ட காட்டுங்க.

சாட்ஸ்வொர்த்: டேக் வெட்டி, பூஜைக்கும் கட்டிட்டேன். திருப்பலாமா?

பதில்: முடியாது. டேக்கோட போட்டுப் பாருங்க, சாம்பிராணிப் புகை படாம வைங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

பீனிக்ஸ்: மூணு மாசத்துல பாவாடை ஜிப் பிய்ஞ்சுபோச்சு. ஏழு நாள் எப்பவோ முடிஞ்சுது.

பதில்: இது குறை, கணக்கு வேற. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 56 ஆறு மாசம் தருது. சரி பண்றதா, மாத்துறதா, பணமான்னு தேர்ந்தெடுக்கறது நீங்க, அனுப்புற செலவு கடையோடது. ஜிப்பை நீங்களே மாத்திடாதீங்க. பிய்ஞ்ச இடத்தைப் போட்டோ எடுத்து, பில்லோட இன்னைக்கே அனுப்புங்க.